கோதுமைன்னா இருக்கலாம், கேழ்வரகுன்னா போகலாம்

14 ஆகஸ்ட் 2011

கோதுமை மண்டிக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இத்தனை நாளாக டிவி மேலேயே கிடந்தது. எழுதுகிற அளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் நடக்கவில்லை. இன்று நடந்துவிட்டது. என் மகன் நவநீதன் எங்கள் மாவு மில்லின் ஷட்டரில், எழுத்துக்கு ஒரு முழ உயரம் வைத்து, 'பிணவறை' என்று பெயிண்ட் அடித்துவிட்டான்.

அவன் ஆரம்பித்திருக்கும் மெட்டல் பேண்டுக்கு அதுதான் பெயராம்.

"டேய், சனங்க திங்கிற மாவு அரைக்கிற இடம்டா இது."

"பாத்ததும் ஒரு அதிர்ச்சி இருக்கணும்பா."

"எனக்கு இருந்துச்சு. போதும், அழிச்சிடு."

அழித்தான். கடைசியில் ஷட்டரின் உள்பக்கம் எழுதிக்கொள்ளலாம் என்று சமாதானமானது. ஷட்டர் மேலே இருந்தால் தெய்வசிகாமணி மாவு மில். கீழே இறங்கினால் பிணவறை.

எங்கள் மில் பொன்மலைப்பட்டியில் கூட்ஸ் யார்டை ஒட்டி இருக்கிறது. இங்கே யார் என்ன சத்தம் போட்டாலும் கேட்க நாதியில்லை. ஞாயிறு மில்லுக்கு லீவு. அன்றைக்கு நீங்கள் வாசித்துக்கொள்ளுங்கள் என்று நானே பெரிய மனசு பண்ணிச் சொன்னேன். பையன் எங்கே சுற்றுகிறான் என்று தேட வேண்டியதில்லை பாருங்கள், அந்த லாபம்.

மொத்தம் நாலு பேர். நவநீதன் பேஸ் கிதார். அதில் நாலு கம்பிதான். மிச்சம் ரெண்டு எங்கேடா என்று கேட்டேன், முறைத்தான். ஆறு கம்பி வைத்திருப்பவன் ஷெர்வின். டிரம்ஸ் ஹபீப். பாடுவது ஸ்ரீரங்கத்துப் பையன் ரங்கராஜன். பாடுவது என்பது அவர்கள் சொல்வது.

அந்த மூன்று பேரும் இன்ஜினியரிங் படிக்கிறார்கள். என் பிள்ளை பாலிடெக்னிக்கில் பாதி பாஸ், பாதி பாக்கி. என்னை மாதிரி. நான் பத்தாவதையே ரெண்டு தடவை எழுதினவன்.

"இதெல்லாம் எத்தன நாளைக்குங்க?" என்று என் மனைவி கோகிலம் கேட்டாள்.

"ஆறு மாசம் தாண்டாது" என்றேன்.

21 ஆகஸ்ட் 2011

உட்கார்ந்து கேட்டேன். மில்லில் இந்த மாதிரி சத்தம் வந்தால் நான் உடனே மோட்டாரை நிறுத்திவிட்டு மெக்கானிக்குக்குப் போன் பண்ணுவேன். இவர்கள் பிராக்டிஸ் பண்ணி வரவழைக்கிறார்கள்.

மிளகாய் மெஷின் பக்கத்தில் நின்று கத்தினால் குரல் நன்றாக வருகிறது என்றான் ரங்கராஜன். நெடிக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. அதைத்தான் குரல் என்கிறான்.

11 மார்ச் 2012

சண்டை. கேம்பஸ் இன்டர்வியூவுக்காக ரங்கராஜன் முடி வெட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஒட்ட வெட்டி, எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து. மற்ற மூவரும் அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெற்றவன் செத்தால்கூட அப்படிப் பார்க்கமாட்டார்கள். பேண்டை விட்டுப் போகச் சொன்னார்கள். அவன் முடியாது என்றான். கெட்ட வார்த்தை வந்தது. கோதுமை மூட்டைமேல் ஒருத்தனை ஒருத்தன் தள்ளினார்கள். அதற்குமேல் என்னால் வேடிக்கை பார்க்க முடியவில்லை. மூட்டை என்னுடையது.

வணிகர் சங்கத் தேர்தலில் ரெண்டு வருஷம் நான் ஓட்டு எண்ணியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒரு சட்டம் போட்டேன். ஆளுக்கு ஒரு கோதுமை, ஒரு கேழ்வரகு. காலி பால்பவுடர் டப்பா ஒன்று. கையை மூடிக்கொண்டு வந்து ஏதாவது ஒன்றை டப்பாவில் போட வேண்டும். கோதுமைன்னா ஆள் இருக்கலாம், கேழ்வரகுன்னா போகலாம். யாரைப் பற்றி ஓட்டோ அவனுக்கும் ஓட்டு உண்டு, அதுதான் ஜனநாயகம். மெஷினுக்குப் பின்னால் போய் எண்ணுவது நான் மட்டும். எண்ணியதும் தானியத்தைப் புறாவுக்குப் போட்டுவிடுவேன். யார் எதைப் போட்டான் என்று பிறகு நோண்டக் கூடாது.

மூன்று கேழ்வரகு, ஒரு கோதுமை. அந்தக் கோதுமை யாருடையது என்று புறாவுக்குக்கூடத் தெரியும்.

ரங்கராஜன் அழுதான். கோகிலம் அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, பாயசத்தோடு சாப்பாடு போட்டாள். போகிற பிள்ளை வெறும் வயிற்றோடு போகக் கூடாதாம்.

அப்பளம் நொறுங்க நொறுங்க ரெண்டாம் தடவை சோறு வாங்கினான். நல்ல பையன்.

18 மே 2014

சுற்றுவட்டாரமெல்லாம் இன்ஜினியரிங் காலேஜாக இருந்தால் இதுதான் கதி. வருஷா வருஷம் பரீட்சை முடிகிறது, வருஷா வருஷம் பேண்ட் முடிகிறது. ஷெர்வின் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான். ஹபீப் மாமாவின் கடைக்குத் துபாய். ரங்கராஜன் இடத்துக்கு வந்தவன் பெங்களூர். அவன் பெயரை எழுதலாம் என்று யோசித்தேன், மறந்துவிட்டது.

இந்த மாசம் மூணு பாயசம் என்றாள் கோகிலம். சேமியா தீர்ந்துவிட்டதாம்.

நவநீதன் மட்டும் இருக்கிறான். பாலிடெக்னிக்கை விட்டாகிவிட்டது. மில்லில் அரவைக் கல்லை உளியால் கொத்துவது, பெல்ட் மாற்றுவது எல்லாம் என்னைவிட நன்றாகச் செய்கிறான். இதை அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

2 ஆகஸ்ட் 2015

புது டிரம்மர். வாட்டசாட்டமான ஆள். நிலைப்பான் போலிருக்கிறது.

30 ஆகஸ்ட் 2015

நிலைக்கவில்லை.

19 நவம்பர் 2017

பெண் வீட்டார் லால்குடியிலிருந்து வந்தார்கள். பெண்ணின் அப்பா ரிட்டயர்டு தாசில்தார். பஜ்ஜியை டிஷ்யூவில் அழுத்தி எண்ணெய் எடுத்துவிட்டுச் சாப்பிடுகிற வகை.

"மாப்பிள்ளை என்ன பண்றாப்ல?"

"மில்லை அவன்தான் பாத்துக்கறான்" என்றேன்.

"பேண்ட் வச்சிருக்காருன்னு தரகர் சொன்னாரு. கல்யாணத்துக்கெல்லாம் போவீங்களா தம்பி?"

"இல்ல சார், நாங்க சொந்தமா பாட்டு எழுதி வாசிக்கிறோம்" என்றான் நவநீதன்.

"நல்லதாப் போச்சு. ஒண்ணு போட்டுக் காட்டுங்க."

போட்டுக் காட்டினான். நான் தடுத்திருக்கலாம். அந்தப் பாட்டில் முதல் ஒரு நிமிஷம் மெதுவாகத்தான் போகும், அதற்குள் போனை வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் இவன் புது ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டான், அதில் எடுத்ததுமே கத்தல்.

தாசில்தார் மிச்ச பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்றார். இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுகிறார்கள்.

"மூஞ்சியப் பாத்தீங்களாப்பா" என்று நவநீதன் சிரித்தான். நானும் சிரித்தேன். கோகிலம் தட்டுகளை எடுத்துப்போன சத்தத்திலிருந்து, அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்தது.

12 ஆகஸ்ட் 2018

இன்று மில்லுக்கு யாரும் வரவில்லை. கடைசியாக இருந்த டிரம்மர் ஹைதராபாத் போய்விட்டான். நவநீதன் தனியாக உட்கார்ந்து கிதாரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"போதும்பா. முடிச்சிக்கலாம். ஷட்டர்ல இருக்கறத அழிச்சிடறேன்" என்றான்.

எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஏழு வருஷ இம்சை தீர்ந்தது. சந்தோஷத்தில் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

பெயிண்ட் வாங்கி வரச் சொன்னான். கடை மூடியிருந்தது என்று சொல்லிவிட்டேன்.

17 ஆகஸ்ட் 2018

பாலக்கரைப் பக்கம் ஒரு சர்ச் திருவிழாவில் தேர் போனது. டெலிவரிக்குப் போன நான் வண்டியை ஓரங்கட்டினேன். பேண்ட் செட்டில் ஒரு பையன் டிரம் அடித்தான். நல்லா அடித்தான். எனக்கு இந்த இசையெல்லாம் புரியாது. ஆனால் இடது கையும் வலது கையும் ஒரே கனத்தில் விழுந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. தேர் நிலைக்கு வரும் வரை பின்னாலேயே போனேன்.

பெயர் ஜெரால்டு. பைக் ஷோரூமில் வேலை. "காலேஜ் எதாவது படிக்கிறியாப்பா?" என்று கேட்டேன். "இல்ல அங்கிள், படிப்பு ஏறல" என்றான். கட்டிப்பிடிக்காத குறை. படிப்பு ஏறாதவன் ஊரைவிட்டுப் போகமாட்டான்.

மில்லில் டிரம் செட் துருப்பிடிக்கிறதே, வீணாகப் போகிறதே என்றுதான் கூட்டி வந்தேன். வேறு காரணம் இல்லை. நவநீதன் என்னைப் பார்த்தான், ஜெரால்டைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். பிறகு கிதாரை எடுத்து மாட்டினான்.

பார்த்தீர்களா, பையனுக்கு விட மனசில்லை.

26 ஏப்ரல் 2020

கொரோனா ஊரடங்கு. மில் ஓடலாம் என்று உத்தரவு. பேண்ட் கூடக் கூடாது. காது ஒரு மாதிரி வலிக்கிறது. சத்தம் இல்லாததாலோ என்னவோ.

9 அக்டோபர் 2022

பேண்ட் இப்போது முழு பலத்தில். கிதாருக்கு அஷ்வத் வந்திருக்கிறான், ரெண்டாம் வருஷம் இன்ஜினியரிங். கத்துவதற்கு மிருதுளா என்று ஒரு பெண், அவளும் அதே காலேஜ். பார்த்தால் குத்துவிளக்கு மாதிரி இருக்கிறாள். மைக்கைப் பிடித்தால் யார்டில் நாய்கள் எழுந்து போகின்றன. ரங்கராஜனெல்லாம் இவள்முன் தாலாட்டு.

ஆங்காங்கே எழுதி வைத்ததைக் கூட்டிப் பார்த்தால் இந்த பேண்டில் இதுவரை பதினேழு பேர் வந்து போயிருக்கிறார்கள். எங்கள் மில்லில் வேலைக்கு வந்து போனவர்களைவிட அதிகம்.

புதுப் பிள்ளைகளுக்கு நவநீதன் அண்ணன். மிருதுளா இன்று வாய்தவறி "சார்" என்றுவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். நவநீதன் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

18 பிப்ரவரி 2023

தஞ்சாவூரில் ஒரு காலேஜ் விழா. பாட்டுச் சாமான் எல்லாம் நம் லோடு வண்டியில்தான் போனது. கேட்டில் செக்யூரிட்டி பிள்ளைகள் மூவரையும் உள்ளே விட்டான். நவநீதனையும் என்னையும் நிறுத்தினான்.

"பேரண்ட்ஸ்லாம் அந்தப் பக்கம் சார். பந்தல் போட்டிருக்கு, ஃபேன் இருக்கு."

"நான் வாசிக்க வந்தவன்ங்க" என்றான் நவநீதன்.

செக்யூரிட்டி என் முகத்தைப் பார்த்தான், நான் உத்தரவாதம் கொடுக்க வேண்டுமாம். "ஆமாப்பா, வாசிப்பான். சின்ன வயசுலேர்ந்து வாசிக்கிறான்" என்றேன். அது தேவையில்லாத வாக்கியம்.

நான் பந்தலுக்குப் போகவில்லை. டயரில் காற்று பார்க்க வேண்டும் என்று மேடைக்குப் பக்கத்தில் வண்டியைப் போட்டுக்கொண்டு நின்றேன். நாலு பாட்டு முடியும் வரை நாலு டயரையும் பார்த்தேன்.

மூன்றாம் பாட்டில் பிள்ளைகள் மூவரும் தலையைச் சுழற்றி ஆட்டினார்கள். நவநீதன் ஆட்டவில்லை. கழுத்து வலி என்றான், திரும்பி வரும்போது. எனக்கும் அந்த வயதில்தான் ஆரம்பித்தது.

10 ஜூலை 2024

நவநீதன் துவரங்குறிச்சியில் ஒரு மில்லுக்குப் போயிருந்தான். அவர்கள் மெஷின் மக்கர். இப்போதெல்லாம் நாலா பக்கமிருந்தும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். அவன் இல்லாத நேரம் பார்த்து பேண்டின் மற்ற மூன்று பேரும் வந்தார்கள். புதன்கிழமையில் வந்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மாவு வாங்க வந்தார்களாக்கும் என்று நினைத்தேன்.

டீ சொன்னேன். யாரும் குடிக்கவில்லை.

"அங்கிள், பெங்களூர்ல ஒரு பெரிய ஷோ. நம்மள செலக்ட் பண்ணிருக்காங்க" என்றாள் மிருதுளா.

"நல்ல விஷயம்தானேம்மா. ஏன் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"புதுப் பாட்டெல்லாம் ரொம்ப ஸ்பீடு அங்கிள். அண்ணாவுக்கு..." என்று அஷ்வத் நிறுத்தினான்.

"அண்ணாவுக்கு?"

"அவரு பழைய ஸ்டைல்லயே இருக்காரு."

ஜெரால்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேருக்குப் பின்னால் போய் நான் கூட்டி வந்த ஜெரால்டு. "நீயுமாடா?" என்று கேட்டேன்.

"அங்கிள், அண்ணனுக்கே புடிக்காமத்தான் வாசிக்கிறாரோன்னு தோணுது. எங்களால சொல்ல முடியல. நீங்க சொல்லிடுங்களேன்."

என் மில். என் கரண்ட். என் பிள்ளை ஆரம்பித்த பேண்ட். அதிலிருந்து அவனை எடுக்க என்னிடமே மனு. நியாயமாக நான் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மூன்று பேர் முகமும் பரீட்சை பேப்பர் வாங்க வந்தது போல வெளுத்துக் கிடந்தது. அதனால் நாட்டாமைக் குரலில், "யாரும் யாருகிட்டயும் சொல்ல வேணாம். சட்டம் இருக்குல்ல? ஞாயித்துக்கிழமை ஓட்டு" என்றேன்.

அவர்கள் போனபிறகு அந்த டீ மூன்றையும் நானே குடித்தேன்.

12 ஜூலை 2024

ஓட்டு என்று நவநீதனிடம் சொன்னேன். "யாருக்கு?" என்று கேட்டான். சொன்னேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு மிளகாய் மெஷினுக்கு கிரீஸ் போடப் போய்விட்டான்.

அவ்வளவுதானா? அழுவான், கத்துவான் என்று எதிர்பார்த்தேன். உள்ளுக்குள் உடைந்திருப்பான். பேண்டும் போனால் அவனிடம் என்ன இருக்கிறது? கல்யாணம் ஆகவில்லை, படிப்பை முடிக்கவில்லை. கூட வாசித்தவனெல்லாம் துபாயிலும் பெங்களூரிலும் வீடு கட்டிப் போட்டோ அனுப்புகிறான். இவனுக்கு என்று இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.

கோகிலத்திடம் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை நீங்க ஓட்டு எண்ணுறவரா, அவனுக்கு அப்பாவா?" என்று கேட்டாள்.

"ரெண்டும்தான்."

"அப்ப ஏதோ ஏடாகூடம் பண்ணப்போறீங்க" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரையை ஆயத் தொடங்கினாள். நாலைந்து கோதுமை மணிகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விரலிடுக்கில் மறைத்துப் பழகிக்கொண்டிருந்தேன். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

14 ஜூலை 2024

ஓட்டு நடந்தது. ஒவ்வொருவராக வந்து மூடிய கையை டப்பாவுக்குள் விட்டார்கள். மிருதுளா, அஷ்வத், ஜெரால்டு. கடைசியில் நவநீதன். டப்பாவை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் போனேன்.

உள்ளே பார்க்கவேயில்லை. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? மூன்று கேழ்வரகு, ஒரு கோதுமை, அந்த ரங்கராஜன் கணக்குதான். அப்படியே ஜன்னல் வழியாகப் புறாவுக்குக் கொட்டினேன். பையிலிருந்து நாலு கோதுமையை எடுத்துப் போட்டேன். வெளியே வந்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி டப்பாவைச் சாய்த்துக் காட்டினேன்.

"நாலும் கோதுமை. ஏகமனதா நவநீதன் இருக்கலாம்."

அப்போதுதான் உறைத்தது. ஒரு கேழ்வரகாவது விட்டிருக்க வேண்டும். கேழ்வரகு போட்ட மூன்று பேரும் எதிரே நிற்கிறார்கள். போட்டது கேழ்வரகு என்று அவரவருக்குத் தெரியும். வணிகர் சங்கத்தில் கள்ள ஓட்டுப் போட்டவன்கூட இவ்வளவு பச்சையாகப் போட்டதில்லை.

அஷ்வத் வாயைத் திறந்தான். ஓட்டு ரகசியம் என்பது ஞாபகம் வந்திருக்கும், மூடிக்கொண்டான். மிருதுளா கூரையைப் பார்த்தாள். ஜெரால்டு டிரம் குச்சியை முதன்முதலாகப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நவநீதன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, வாசிப்போம்" என்றான்.

வாசித்தார்கள். பன்னிரண்டு பதிமூன்று வருஷமாகக் கேட்கிறேன், இவ்வளவு மரியாதையாக வாசித்து நான் கேட்டதில்லை. ஒருத்தர் சத்தம் ஒருத்தர்மேல் படவில்லை. சகிக்கவில்லை.

மத்தியானம் தயிர் சாதம். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் சீக்கிரம் படுத்துவிட்டேன்.

16 ஜூலை 2024

காலையில் கல் கொத்தினோம். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உளிச் சத்தம்தான். நடுவில் நிறுத்திவிட்டு அவன் சொன்னான்:

"அப்பா, நான் கேழ்வரகுதான் போட்டேன்."

"எதுல?"

"டப்பால."

நான் உளியைப் பார்த்தேன். முனை மழுங்கியிருந்தது.

"உன்னயே நீ எதுக்குடா போகச் சொல்லிப் போட்ட?"

"போகணும்பா. கோயம்புத்தூர்ல ஒரு மெஷின் கம்பெனில சர்வீஸ் வேலைக்குக் கூப்பிடறாங்க. மூணு மாசமா பதில் சொல்லாம இழுத்துக்கிட்டிருக்கேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? பேண்ட் நின்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

இது என்ன கேள்வி என்று எனக்கு விளங்கவில்லை. "நான் என்ன பண்ணுவேன்? நிம்மதியா இருப்பேன். எனக்கும் அந்த எழவு சத்தத்துக்கும் என்னடா சம்பந்தம்?"

அவன் சிரிக்கவில்லை. "ரெண்டாயிரத்துப் பதினெட்டுலயே விட்டுடலாம்னு சொன்னேன்பா. அழிக்கப் பெயிண்ட் வாங்கிட்டு வாங்கன்னேன். பெயிண்ட் வரல. அஞ்சு நாள் கழிச்சு நீங்க ஒரு டிரம்மர வண்டில ஏத்திக்கிட்டு வந்து நிக்கிறீங்க. உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? அதுக்கப்புறம் நான் எப்படிப் போதும்னு சொல்றது? ஆறு வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இவரு வந்து உக்காந்து கேக்கறாரே, ஒரு வேளை நிறுத்திட்டா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாரேன்னுதான் வாசிச்சேன்."

மெஷின் சத்தத்தில் அவன் சொன்னது சரியாகக் கேட்கவில்லை.

இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. கல் கொத்தும்போது மெஷின் ஓடாது.

17 ஜூலை 2024

கோகிலத்துக்குக் கோயம்புத்தூர் விஷயம் மூன்று மாசமாகத் தெரியுமாம்.

"ஏன்டி சொல்லல?"

"அவன் உங்களுக்காக இருக்கான், நீங்க அவனுக்காகப் புடிச்சு வச்சிருக்கீங்க. ரெண்டு பேருமா பேசி முடிப்பீங்கன்னு பாத்தேன். எனக்கு பாயசம் வைக்கிற வேலை மட்டும்தானே."

மழை வரும் போலிருந்தது. மொட்டைமாடியில் காய்ந்த மிளகாயை எடுக்கப் போனேன்.

21 ஜூலை 2024

மறு எண்ணிக்கை நடத்தினேன். டப்பா காலி, தானியம் புறா வயிற்றில். அதனால் வாயாலேயே நடத்தினேன்.

"போன வாரம் எண்ணுனதுல ஒரு தப்பு நடந்துபோச்சு. நாலும் கேழ்வரகு."

"நாலுமா?" என்றாள் மிருதுளா. மூவரும் நவநீதனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானும்தான்" என்றான் அவன்.

ஜெரால்டுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், ஸ்டூலை விட்டு இறங்கி வெளியே போய்ச் சிரித்தான். பிறகு எல்லாரும். "அங்கிள், நாலும் கோதுமைன்னு சொன்னப்ப, என்னோடத மட்டும்தான் நீங்க மாத்திட்டீங்க, இவங்க ரெண்டு பேரும் என்னய ஏமாத்திட்டாங்கன்னு நினைச்சேன்" என்றான் அஷ்வத். "ஒரு வாரமா நான் இவன்கூடப் பேசல" என்றாள் மிருதுளா. ஒரு பேண்டை உடைக்க இருந்தேன் போலிருக்கிறது. இதுவரை ஆள் சேர்க்கும் வேலைதான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

கோகிலம் எல்லாருக்கும் சாப்பாடு போட்டாள். பதினெட்டாவது ஆளுக்கு பாயசம். என் பிள்ளை இலைக்கு எதிரே நின்று அவள் ரெண்டாம் கரண்டி ஊற்றியபோது, எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. வெங்காயம் உரிக்கிற வீடு.

சாப்பிட்டு முடித்ததும் நான் சத்தமாக அறிவித்தேன்: "என் பையன் இல்லாத பேண்டுக்கு என் மில்லுல இடமில்ல. மூணு வாரம் டைம். வேற இடம் பாத்துக்கிட்டு சாமானை எடுத்துக்குங்க."

"ஏன்பா அப்படி?" என்றான் நவநீதன்.

"நியாயம்னு ஒண்ணு இருக்குடா. எனக்கு என்ன, அந்தச் சத்தம் கேக்கணும்னு தலையெழுத்தா?"

பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

28 ஜூலை 2024

கோயம்புத்தூர் பஸ். ஜன்னல் சீட் கிடைத்தது. கிதாரைக் கீழே டிக்கியில் போடச் சொன்னான் கண்டக்டர். இவன் மடியிலேயே வைத்துக்கொண்டான்.

5 ஆகஸ்ட் 2024

இடியாப்பத்துக்கு மாவு அரைக்க வந்த அம்மாள் ஒருத்தர், "தம்பி எங்க, கண்ணுலயே காணோம்?" என்றார். வெளியூரில் வேலை என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு அவருடைய அரிசியில் அடுத்தவர் உளுந்தைக் கொட்டிவிட்டேன்.

11 ஆகஸ்ட் 2024

கெடு இன்றோடு முடிந்தது. மூவரும் ஒரு வண்டியோடு வந்தார்கள். கருமண்டபம் பக்கம் ஒரு மாடி ரூம் பார்த்திருக்கிறார்களாம், மணிக்கணக்கு வாடகை. பேஸ் வாசிக்க இன்னும் ஆள் கிடைக்கவில்லையாம். எனக்கென்ன வந்தது? வயரைச் சுற்றுவதற்கு மட்டும் ஒத்தாசை பண்ணினேன்.

ஜெரால்டு டிரம்மைக் கழற்றப் போனவன் நின்றான். "அங்கிள், ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ வாசிச்சிக்கட்டுமா? கடைசியா."

"சீக்கிரம் முடிங்க. எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லி மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

முதல் பாட்டு முடிந்து ரெண்டாவது போய்க்கொண்டிருந்தபோது நவநீதன் போன் வந்தது. எடுத்துக்கொண்டு ஷட்டருக்கு வெளியே போனேன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். ரூம் எப்படி, பரவால்ல. அம்மா எப்படி, இருக்கா. அதற்குமேல் நாங்கள் ரெண்டு பேரும் போனில் பேசிப் பழகவில்லை.

"பின்னாடி என்னப்பா சத்தம்?"

"யார்டுல கூட்ஸ் வண்டிடா. ஷண்டிங்."

கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் போனைப் பார்க்கும் அளவுக்குக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பா."

"சொல்லு."

"கூட்ஸ் வண்டி, ஸ்பீடு மாறுற இடத்துல கொஞ்சம் முந்துதுப்பா. போய்ச் சொல்லிடுங்க."

போய்ச் சொன்னேன். ஜெரால்டு மறுபடி அடித்தான், சரியாக விழுந்தது. போனைக் கட் பண்ணாமல் மூட்டைமேல் அப்படியே வைத்துவிட்டேன். வண்டிக்காரன் வந்து எவ்வளவு நேரம் சார் என்று கேட்டான், இன்றைக்கு லோடு இல்லை என்று அனுப்பிவிட்டேன்.